ஏபிஎஸ் உள்ள காரில் ஏர் எடுத்த பிறகும் பிரேக் மிதி பஞ்சு போல் அமுங்குகிறது

திருமங்கலத்துக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2016-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு. சென்ற மழைக்காலத்தில் இரண்டு மாதங்கள் எடுக்காமல் வேப்பமரத்தடியிலேயே நின்றதில், முன்சக்கரக் காலிப்பர்கள் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டிலும் பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டது. மதுரையில் ஓர் உதிரிபாகக் கடையில், பழுது நீக்கிப் புதுப்பித்த காலிப்பர்களை ஜோடியாக வாங்கி வந்து, வீட்டு வாசலில் நானே மாட்டினேன். பழைய இருசக்கர வாகனங்களில் இந்த வேலையைச் செய்து பழகியவன் என்பதால் துணிந்து இறங்கினேன்.

மாட்டி முடித்ததும் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். என் மகன் மிதியை மிதிக்க, நான் நிப்பிளை (காற்றை வெளியே விடும் சிறு திருகு) திறந்து மூடினேன். முன்சக்கரங்களில் நிப்பிள் மிகவும் தாழ்வாக இருந்ததால் தரையில் படுத்துக்கொண்டுதான் ஸ்பேனரைப் போட முடிந்தது. இன்னும் முதுகு வலிக்கிறது. இடையில் டப்பாவில் ஆயில் தீர்ந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை. பிறகு டாட் 4 தரப் பிரேக் ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் மறுபடியும் ஏர் எடுத்தோம். மொத்தம் ஒரு லிட்டர் ஆயில் செலவாகிவிட்டது. நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழி வருவது நின்றுவிட்டது. ஆனாலும் மிதியை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது அழுத்தினால் தரைக்கு 3 செ.மீ. மேலே போய்த்தான் நிற்கிறது. மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் சற்று மேலே வருகிறது. அழுத்திப் பிடித்தால் மேற்கொண்டு கீழே இறங்குவதில்லை. எங்கும் கசிவு இல்லை. ஏபிஎஸ் விளக்கு வழக்கம்போல் எரிந்து அணைகிறது.

பக்கத்துப் பட்டறையில் காட்டியதற்கு, ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, காரின் இன்றைய மதிப்பில் கால்வாசி ஆகும் ஒரு தொகையைக் கூறினார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக இருக்கிறோம். யூனிட்டைத்தான் மாற்ற வேண்டுமா, வேறு வழி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகமலை எழுதியது:

நண்பரே, யூனிட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் காற்று அதற்குள் மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ள ஏபிஎஸ் யூனிட்டில், சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வால்வுகள் இருக்கும். ஒன்று எப்போதும் திறந்தே இருப்பது. நாம் மிதிக்கும்போது ஆயில் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றொன்று எப்போதும் மூடியே இருப்பது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் வேளையில் மட்டும் திறந்து, அழுத்தத்தை உள்ளே இருக்கும் சிறு அறைக்குள் வடிய விடும். அந்த அறையிலிருந்து ஆயிலை எடுத்துத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு மோட்டார் பம்பும் உண்டு. மூடிய வால்வுக்கு அப்பால் இருக்கும் அறையில் காற்று புகுந்துவிட்டால், காலால் மிதித்து ஏர் எடுக்கும் முறையில் அது வெளியே வராது. காரின் கணினிக்குக் கட்டளை தரும் ஸ்கேனரை மாட்டி, வால்வுகளையும் பம்பையும் இயக்கிக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும்.

டப்பா காலியானதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. ஸ்கேனர் உள்ள பட்டறையில் முக்கால் மணி நேரத்தில் சரியாயிற்று. ஸ்கேனர் கிடைக்காவிட்டால், ஆள் நடமாட்டமில்லாத மண் பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சட்டென்று பிரேக் பிடித்து ஏபிஎஸ்ஸை நாலைந்து முறை வேலை செய்ய விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று குழாய்க்கு வந்துவிடும். பிறகு வழக்கம்போல் ஏர் எடுத்தால் போதும்.

ஒத்தக்கடை பட்டறை எழுதியது:

தம்பி, நாகமலை நண்பர் யூனிட்டின் உள்ளமைப்பைப் பற்றிச் சொன்னது சரி. மண் பாதை யோசனையை மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். மிதி தரையைத் தொடப் போகும் நிலையில் உள்ள காரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பிரேக் அடித்துப் பார்ப்பது, கயிறு நைந்த வாளியைக் கிணற்றில் இறக்கிப் பார்ப்பது போன்றது. மிதி ஓரளவு கெட்டிப்பட்ட பிறகு வேண்டுமானால் அதைச் செய்யலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மூடிய வால்வுக்கு அப்பால் காற்று இருந்தால், நாம் சாதாரணமாக மிதிக்கும்போது நம் அழுத்தம் அங்கே போகவே போகாது. ஆகவே அந்தக் காற்று அங்கே இருக்கும் வரையில் மிதியைப் பஞ்சாக்காது. ஏபிஎஸ் ஒருமுறை வேலை செய்து அது குழாய்க்குள் வந்த பிறகுதான் தொல்லை தரும். உங்கள் காரிலோ வாசலில் நிற்கும்போதே மிதி பஞ்சாக இருக்கிறது. எனவே காற்று, பிரேக் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையில் திறந்து கிடக்கும் பாதையில் எங்கோ இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஏபிஎஸ் யூனிட் என்பது திறந்து பார்க்க முடியாத பெட்டி என்பதால் பழியை அதன் தலையில் போடுவது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மிதியின் குறைகளில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) ரப்பர் தேய்ந்திருக்கிறது. பாதி தூரம் வெறுமனே போய்ப் பிறகு கல் போல் நின்றால், பேடுக்கும் டிஸ்க்குக்கும் அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இடைவெளி அதிகம். எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் ரப்பர் பந்தைப் போல் எதிர்த்துக்கொண்டே அமுங்கினால் காற்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றாவது வகை, அதோடு இரண்டாவதும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

பெரிய செலவுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பிரேக் ஹோஸை, அதாவது சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயை, பிடிப்பதற்கென்றே உருண்டையான வாயுள்ள கிளாம்ப் கடைகளில் கிடைக்கிறது. சாதாரணக் குறடைப் போட்டு ஹோஸைக் கெடுத்துவிடாதீர்கள். வெடிப்பு விட்ட பழைய ஹோஸாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நான்கு ஹோஸையும் கிளாம்ப் போட்டு மிதியுங்கள். மிதி மேலேயே கல் போல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட், இரும்புக் குழாய்கள் ஆகியவற்றின் மேல் குற்றம் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எந்தச் சக்கரத்தின் கிளாம்பை எடுத்ததும் மிதி இறங்குகிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறான். கூடவே ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு ஒருமுறை மிதித்துப் பாருங்கள். மிதி உயர்ந்தால் பின்சக்கர ஷூவில் இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

திருமங்கலத்துக்காரன் எழுதியது:

அண்ணன் சொன்னபடி கிளாம்ப் வாங்கி வந்து இன்று காலையில் செய்து பார்த்தேன். நான்கையும் பிடித்ததும் மிதி ஒரு விரற்கடை கூட அமுங்காமல் நின்றது. உண்மையில் எனக்கு அப்போதே பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டிலும் எடுத்தபோது சற்று இறங்கியது. ஆனால் அடியில் கெட்டியாகத்தான் நின்றது. முன் இடது கிளாம்பை எடுத்ததும் பஞ்சுத்தன்மை வந்துவிட்டது. வலதையும் எடுத்ததும் பழைய நிலைமைக்கே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் மிதி ஒரு விரல் அளவு உயர்கிறது.

இதன் பிறகு இரண்டு முன்சக்கரங்களிலும் மீண்டும் அரை லிட்டர் ஆயில் விட்டு ஏர் எடுத்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. மிதியிலும் மாற்றம் இல்லை. புதுப்பித்த காலிப்பர் இரண்டுமே கெட்டதாக இருக்குமோ என்று கடைக்காரரிடம் கேட்கலாமா என யோசிக்கிறேன்.

பாலிடெக்னிக் வாத்தியார் எழுதியது:

கடைக்காரரிடம் போகும் முன் காருக்கு அடியில் இன்னொரு முறை குனிந்து பார்க்க வேண்டுகிறேன். உங்கள் முதல் பதிவில், நிப்பிள் மிகவும் தாழ்வாக இருந்ததால் தரையில் படுத்து ஸ்பேனர் போட வேண்டியிருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். காற்று மேலே போய்த்தான் நிற்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது கீழே இருக்கிறது என்றால், இடது காலிப்பர் வலப்பக்கமும் வலது காலிப்பர் இடப்பக்கமும் மாறிவிட்டன என்பதே முதலில் எழும் ஐயம். பல கார்களில் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் மாற்றி மாட்டினாலும் தடையில்லாமல் பொருந்திவிடும். ஹோஸ் சற்று முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படி மாறியிருந்தால் எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் பயன் இல்லை. ஆயில் சிலிண்டரின் கீழ்ப்பகுதி வழியாகவே ஓடி நிப்பிளில் வெளியேறிவிடும். மேலே தங்கிய காற்று அப்படியே இருக்கும். குழாயில் குமிழி வராததும், மிதி பஞ்சாக இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கொஞ்சம் காற்று இவ்வளவு தொல்லை தருமா என்று மாணவர்களும் கேட்பார்கள். கரும்பலகையில் இப்படிப் போட்டுக் காட்டுவேன். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் சுமார் 20.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர செ.மீ. ஒரு கன சென்டிமீட்டர் காற்று குழாய்க்குள் இருக்கிறது. நாம் மிதித்ததில், ஏற்கெனவே உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு (சுமார் 1 பார்) மேல் 10 பார் அழுத்தம் உண்டாகிறது. காற்று பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், அதாவது 0.9 கன செ.மீ. இடம் காலியாகிவிடும். அதை நிரப்ப மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கூடுதலாக 2.7 மி.மீ. நகர வேண்டும். மிதியின் நெம்புகோல் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், காலடியில் அது 11 மி.மீ. ஆகிவிடும். சிறு கரண்டி அளவு கூட இல்லாத காற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் மிதி! காலிப்பர் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு மூன்று கன சென்டிமீட்டர் தங்கியிருந்தால், உங்கள் மிதி தரைக்கு அருகில் போவதில் வியப்பில்லை.

ஒத்தக்கடை பட்டறை எழுதியது:

வாத்தியார் ஐயா பிடித்துவிட்டார். அந்த வரியை நானும் படித்தேன். முதுகு வலி என்ற இடத்தில் கண் ஓடிவிட்டது. தொழில் செய்பவன் நான்தான் அதைக் கண்டிருக்க வேண்டும்.

தம்பி, காலிப்பரின் உடம்பில் இடம், வலம் என்று குறிக்கும் ஆங்கில எழுத்து வார்ப்பிலேயே இருக்கும் வழக்கம் உண்டு. புதுப்பித்த சாமானில் பெயின்ட் அடித்து மறைந்திருக்கும், சுரண்டிப் பாருங்கள். மாறியிருந்தால் இரண்டையும் கழற்றி இடம் மாற்றுங்கள். ஹோஸ் சேரும் போல்ட்டுக்கு இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பத்து ரூபாய் வாஷரில் மிச்சம் பிடித்துக் கசிவை வாங்கிக்கொள்ளக் கூடாது. கழற்றிய நேரத்தில் ஹோஸ் வாயை அடைத்து வையுங்கள். ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் விடுங்கள்.

ஏர் எடுக்கும்போது உங்கள் மகனை நிதானமாக மிதிக்கச் சொல்லுங்கள். வேகவேகமாக மிதித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழியாக உடைந்து, மோரில் நுரை போல ஆயிலோடு கலந்துவிடும். பிறகு அது மேலே சேரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முழுதாகத் தரை வரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத கடைசிப் பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும்; ரப்பர் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும். பஞ்சு மிதியைச் சரிசெய்யப் போய், இறங்கும் மிதியை வாங்கி வந்தவர்கள் என் பட்டறைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். மிதி கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். டப்பாவைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பதில் கார்களுக்குள் வேறுபாடு உண்டு என்பதால், உங்கள் காரின் கையேட்டில் உள்ள வரிசையையே பின்பற்றுங்கள்.

பாதி தீர்ந்து அலமாரியில் திறந்து கிடந்த ஆயிலை ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். வத்தலக்குண்டு பக்கம் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் காலிப்பர் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலத்தான், மிதி பஞ்சாகிவிடும். சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை யார் கொடுத்தாலும் இதில் ஊற்ற வேண்டாம்.

திருமங்கலத்துக்காரன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று. விவரமாக எழுதுவது மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, வாத்தியார் ஐயா சொன்னது போலவே ஹோஸ் கால் திருகு முறுக்கிக்கொண்டு நின்றது. வெள்ளிப் பெயின்ட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதில் இடப்பக்கக் காலிப்பரில் வலதுக்கான எழுத்து தெரிந்தது. கடையில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்ததும், நான் எழுத்தைத் தேடாமல் கைக்கு வந்ததை மாட்டியதும்தான் காரணம். காலிப்பரின் மேல் குறை இல்லை. இடம் மாற்றி மாட்டியதும் நிப்பிள் உச்சிக்கு வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே ஸ்பேனர் போட முடிந்தது.

முதல் தடவை நிப்பிளைத் திறந்ததும் இடப்பக்கம் வந்த காற்றைப் பார்த்து என் மகன் சிரித்துவிட்டான். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் ஆயிலே தெரியாமல் ஒரு சாண் நீளத்துக்குக் காற்று மட்டும் வந்தது. நான்காவது மிதியில் குமிழி நின்றது. வலப்பக்கமும் அப்படியே. அதற்குச் செலவான ஆயில் கால் லிட்டருக்கும் குறைவு.

மிதி உடனே மாறிவிட்டது. டேப்பால் அளந்தேன்: என்ஜின் ஓடும்போது தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நின்றது இப்போது 6 செ.மீ. உயரத்தில் கெட்டியாக நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் இன்னும் சற்று உயர்ந்ததால், பின்சக்கர டிரம்மையும் திறந்தேன். இடது பக்கத்தில் ஷூவைத் தானாக நெருக்கிவிடும் பல்சக்கரம் தூசும் துருவும் சேர்ந்து அசையாமல் இருந்தது. தூசை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்து, பல்சக்கரத்தைச் சுத்தம் செய்து, டிரம் இலேசாக உரசும் வரை திருப்பி வைத்தேன். இப்போது மிதி 7 செ.மீ. உயரத்தில் நிற்கிறது.

ஏபிஎஸ்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் சிறிய ஸ்கேனர் என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கிறது. ஏர் எடுக்கும் வசதி அதில் இல்லை. எனவே நாகமலை நண்பர் சொன்ன மண் பாதை முறையை, மிதி கெட்டியான பிறகு, ஆள் இல்லாத ஒரு கண்மாய்க்கரைப் பாதையில் செய்து பார்த்தேன். நான்கு முறை ஏபிஎஸ் கடகடவென்று வேலை செய்தது. காலடியில் மிதி அதிர்வதையும் உணர்ந்தேன். வீட்டுக்கு வந்து மீண்டும் ஏர் எடுத்ததில் வலது பின்சக்கரத்தில் மட்டும் கடுகளவு இரண்டு குமிழிகள் வந்தன. மிதியில் வேறுபாடு தெரியவில்லை. யூனிட்டை மாற்றச் சொன்னவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒத்தக்கடை பட்டறை எழுதியது:

நல்லது தம்பி. அவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த முறை கிளாம்ப் போட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஹோஸ் போல்ட் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டப்பாவில் ஆயில் அளவை மலை ஏறும் நாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.